இருபத்தைந்து டிகிரி கடல்

எருத்தேன்பதிக்குக் கடல் டெம்போவில் வந்தது. பாலக்காட்டில் மீன்தொட்டிக் கடை வைத்திருக்கும் முஹ்சின், முதலில் கண்ணாடித் தொட்டியையும் கடல் உப்பு மூட்டையையும் இறக்கினார். ஒரு மாதம் தண்ணீர் பழகிய பிறகு, இரண்டு ஆரஞ்சு மீனும் ஒரு கடற்சாமந்தியும் வந்தன.

கடற்சாமந்தி பூ அல்ல, பிராணி. நூறு விரல்களை நீட்டித் தண்ணீரில் ஆடும். எந்த மீன் தொட்டாலும் கொட்டும். அந்த ஆரஞ்சு மீன்களை மட்டும் மடியில் போட்டுக்கொள்ளும். பால் சொசைட்டி பிரசிடெண்ட் மோகனசுந்தரம் தன் வீட்டுக் கூடத்தில் அதன் முன்னால் முக்கால் மணி நேரம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடல் பார்க்க வந்த ஊர்க்காரர்கள் அந்த அதிசயத்தையும் சேர்த்தே பார்த்துவிட்டுப் போனார்கள்.

"உப்பு அளக்க ஒரு மிதவை வாங்கணும் சார்," என்றார் முஹ்சின்.

"எனக்கேவா?" என்று சட்டைப்பையிலிருந்து, பாலில் கலந்த தண்ணீரைக் காட்டிக்கொடுக்கும் லாக்டோமீட்டரை உருவினார் பிரசிடெண்ட். மற்றவர்கள் பேனா வைக்கும் இடத்தில் அவர் அதைத்தான் வைப்பார்.

பாலில் மிதப்பது உப்புநீரிலும் மிதக்கும்தானே. இருபத்தைந்தில் நின்றது.

"கச்சிதம் சார். கடலுக்கு இதான் அளவு. தண்ணி வத்துனா குடிக்கிற தண்ணிய ஊத்துங்க. வத்துறது தண்ணிதான், உப்பு வத்தாது."

இதைப் பிரசிடெண்டின் மனைவி துளசிமணி கேட்டாள். பிரசிடெண்ட் கேட்கவில்லை. அவர் காதில் இருபத்தைந்தோடு எல்லாம் நின்றுவிட்டது. சொசைட்டியில் இருபத்தெட்டுக்குக் கீழே இறங்கிய பாலை அவர் வாங்கியதே கிடையாது. போன வாரம்தான் அப்புசாமியின் பால் இருபத்தாறு காட்ட, வரிசையே கேட்கும்படி, "இது பாலா, கழனித்தண்ணியா?" என்று கேனைத் திருப்பி அனுப்பியிருந்தார். அப்பேர்ப்பட்டவர் வீட்டில் இருபத்தைந்து டிகிரிக் கடலா? மறுநாளே உப்பைக் கரைத்து ஊற்றினார். இருபத்தேழு.

அதற்கடுத்த நாள் துளசிமணி சொம்பும் கையுமாகப் பிடிபட்டாள்.

"என்ற ஊட்லயே தண்ணி கலக்கறியா?"

"ஏனுங்க, வத்திப்போச்சுங்க. அடிக்கிற காத்துக்குத் துணியே அரை மணியில காயுது."

"வத்தட்டும். கெட்டியாகட்டும்!"

அவள் சொம்பை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். காற்று தண்ணீரைக் குடித்தது, உப்பை விட்டுவைத்தது. பத்து நாளில் முப்பத்திரண்டு. "எந்த ஊர்க் கடலுக்குங்க இந்த டிகிரி உண்டு?" என்று வந்தவர்களிடமெல்லாம் கேட்டார் பிரசிடெண்ட். யாருக்கும் தெரியவில்லை.

அந்த வாரமே கடற்சாமந்தி மூடிய கைமுட்டி போலச் சுருங்கியது. படுக்கையை இழந்த மீன்கள் மேலேயே நின்று மூச்சுக்குத் தவித்தன. மூன்றாம் நாள் மோகனசுந்தரம் சொசைட்டிக்குப் போகவில்லை. பதினைந்து வருஷத்தில் அதுவே முதல் தடவை. முஹ்சினுக்குப் போன் போட்டார்.

"எவ்வளவு நிக்குது சார்?"

"முப்பத்திரெண்டு." அந்த நிலையிலும் குரலில் ஒரு மிடுக்கு இருந்தது.

"யா அல்லா! சார், அது கடல் இல்ல, ஊறுகாய். தண்ணி ஊத்துங்க. வேகமா ஊத்துனாலும் செத்துரும். காலைல ஒரு சொம்பு, சாயந்தரம் ஒரு சொம்பு."

"துளசி, வந்து ஊத்து."

"நான் எதுக்குங்க? தண்ணி கலக்கறவன்னு பேரெடுத்தது போதும். நீங்களே கலக்குங்க."

தெருப்பக்கத்துக் கதவைச் சாத்தினார். ஜன்னலைச் சாத்தினார். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். முப்பத்தொன்று, முப்பது, இருபத்தெட்டு. ஐந்தாம் நாள் மீன்கள் இரை எடுத்தன. கைமுட்டி திறக்கவில்லை. எட்டாம் நாள் காலை கடைசிச் சொம்போடு தொட்டி முன்னால் முட்டி போட்டார். பதற்றத்தில் ஜன்னல் கொக்கியைப் போட மறந்துவிட்டார்; காற்று அதைத் திறந்துவிட்டது.

காலிக் கேனோடு அந்த வழியாகத் திரும்பிய அப்புசாமி எட்டிப் பார்த்தார். பிரசிடெண்ட் கையில் சொம்பு. ஊற்றுவது தண்ணீர். பக்கத்திலேயே மிதக்கிறது லாக்டோமீட்டர். இதைவிட நல்ல காட்சி எந்த உறுப்பினருக்கும் வாய்த்ததில்லை. சிரிக்க வாயைத் திறந்தார்.

அப்போது கடற்சாமந்தி ஒரு விரலை நீட்டியது. பிறகு இன்னொன்று. பிறகு எண்ண முடியவில்லை. ஊதாநுனி விரல்கள், ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு காற்று வீசுவதுபோல அசைந்தன. மீன் ஒன்று தயங்கி, தொட்டுப் பார்த்து, உள்ளே போய்ப் படுத்தது. அப்புசாமியின் வாய் திறந்தபடியே இருந்தது. சிரிப்பு வரவில்லை. கேனை வாசலில் வைத்து, செருப்பைக் கழற்றி, கதவைத் தள்ளிக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார்.

பிறகு குனிந்து, லாக்டோமீட்டரில் இருபத்தைந்தைப் படித்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க பிரசிடெண்டு, அந்த டிகிரி சரியானதுங்களா?"

"சரியானது."

"சாமி ஊத்துன கடலே இருவத்தஞ்சுதானுங்களா?"

"ஆமா."

"என்ற மாடு இருவத்தாறுங்க."

மோகனசுந்தரம் தலையைத் திருப்பவில்லை.

"சத்தம் போடாதீங்க அப்புசாமி," என்றார் மெதுவாக. "இன்னும் விரியுது."