தெய்வாத்தாள் திரைக்குப் பின்னால் நிற்கிறாள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு முந்தானையிலிருந்து கிடைத்தது. பெரிய தத்துவம் எதுவும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சிங்காநல்லூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில் கூத்துப் போட்டார்கள். ஸ்பீக்கர் சத்தத்தில் டிவி கேட்கவில்லை என்று சண்டை போடத்தான் போனேன். போனவள் கடைசிவரை நின்றுவிட்டேன். காரணம், அந்த ராணி. ராஜா அவளை நடத்தை கெட்டவள் என்கிறான். அவள் கத்தவில்லை, அழவில்லை. முந்தானையை எடுத்து, ஈரமே இல்லாத கையை விரல் விரலாகத் துடைத்தாள். துடைத்து முடித்து இடுப்பில் செருகினாள். பிறகுதான் வாயைத் திறந்தாள். அடேயப்பா! அந்தத் துடைப்பிலேயே ராஜா செத்தான். எனக்குப் பின்னால் நின்ற ஆள் அடித்த விசிலில் காது அடைத்துப்போனது.

ராணி வேஷம் கட்டியவர் ஆண். நம் பக்கத்துக் கூத்தில் அதுதான் வெகுகால வழக்கம். நேரில் பாராட்டலாமென்று மேடைக்குப் பின்னால் போனேன். அவர் பாதி கலைந்த அரிதாரத்தோடு டீ குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி சவுரி முடியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். போகிற போக்கில் யாரோ கிரீடத்தை மிதித்துவிட்டான். அந்த அம்மா எழுந்தார். முந்தானையை எடுத்தார். விரல் விரலாகக் கையைத் துடைத்தார்.

பாராட்ட வந்ததை மறந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். பெயர்கூடக் கேட்கவில்லை. ஆகவே இனி வருவதெல்லாம் கற்பனை. அவருக்கு அங்கப்பன் என்றும் அந்த அம்மாவுக்குத் தெய்வாத்தாள் என்றும் நானே பெயர் வைத்தேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி: ‘கொங்கு மண்ணின் தொன்மையான கலைகளுள் கூத்து தனக்கென ஓர்...’ (சீ. பரிசளிப்பு விழாப் பேச்சு.)

இரண்டாம் முயற்சி: ‘அங்கப்பன் ஒரு பெண்ணைவிடப் பெண்ணாக...’ (எந்தப் பெண்ணைவிட? கதையே அங்கேதானே இருக்கிறது. இப்போதே போட்டு உடைக்காதே.)

மூன்றாவது: அந்தியூர்ப் பண்டிகைக்கு அங்கப்பன் குழுவைக் கூப்பிட்டிருந்தார்கள். வேனிலிருந்து இறங்கியதும் அங்கப்பன் சந்தையில் குதிரை பார்க்கப் போனார். ஒரு குதிரை அவர் காலை மிதித்துவிட்டது.

இது பரவாயில்லை. அந்தியூரில் குதிரைக்கா பஞ்சம்? இதையே வைத்துக்கொள்கிறேன்.

“ஏனுங்க அக்கா” என்று தெய்வாத்தாள் குறுக்கே வந்தாள். (என் கதையில் வருகிறவர்கள் வாயை மூடிக்கொண்டு இருப்பதில்லை. வளர்ப்பு அப்படி.)

“சொல்லு அம்மணி.”

“குதிரை மேல பழியப் போடாதீங்க. இவியதான் அதும் பக்கத்துல போயி ஒட்டி நின்னிருப்பாங்க. வேடிக்க பாக்க ஆரம்பிச்சா இவியளுக்குக் கண்ணு மண்ணு தெரியாதுங்க. அதையுஞ் சேத்து எழுதிப்போடுங்க.”

எழுதிவிட்டேன். அவள் சொல்வது சரிதான். பெண் வேஷம் கட்டி இந்தக் கூத்தை வளர்த்தவர்களுக்கெல்லாம் பார்ப்பதுதான் பாடம். பஸ் ஸ்டாண்டில் கூடையை இறக்கிவைக்கும் கை, தேங்காய்க்கு விலை பேசும் கழுத்து, சாவு வீட்டில் வாய் பொத்தும் விதம். பார்த்துப் பார்த்துப் பொறுக்கி, ஒரு ராணியைக் கட்டி எழுப்பியிருக்கிறார்கள். சேலையை யார் வேண்டுமானாலும் கட்டலாம், இதை எல்லோராலும் செய்ய முடியாது. எனக்கு அவர்களை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

ஆனால் என் அங்கப்பன் அதிகம் பொறுக்கியது தன் வீட்டுக்குள்தான். துடைக்கிற கை, பாதி திரும்பி நிற்கிற நிற்பு, சிரிப்பை அடக்குகிற உதடு எல்லாம் தெய்வாத்தாளுடையவை. திருட்டு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவு ஆசையாக எடுத்திருக்கிறார். இருந்தாலும் விசில் அவருக்குத்தான். அவள் பெயர் இதுவரை எந்த மைக்கிலும் வந்ததில்லை.

3

அங்கப்பன் கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. ராணி இல்லாமல் கூத்து இல்லை. ஜனம் வந்து உட்கார ஆரம்பித்தாயிற்று.

“நாங் கட்டறனுங்க” என்றாள் தெய்வாத்தாள்.

பண்டிகைக் கமிட்டிக்காரர் ஒருவர் ஓடிவந்தார். “பொம்பள வேஷத்துக்குப் பொம்பளையா? அது எப்படீங்க நல்லா இருக்கும்?”

(இந்த வசனத்தை நான் ரொம்ப ரசித்து எழுதினேன். வெட்டச் சொன்னால் கதையையே வெட்டிவிடுவேன்.)

அங்கப்பன் அரிதாரப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு அவளை உட்காரவைத்துத் தானே பொட்டு வைத்துவிட்டார். “பாட்டெல்லாம் உனக்குத் தெரியும். ராஜா ஏசற எடத்துல மட்டும் அவசரப்பட்டுப்போடாத அம்மணி. கையத் தொடைக்கறப்ப மெதுவா, ஒவ்வொரு வெரலா...”

“ஏனுங்க, அது என்ற கைங்க.”

(எங்கள் பக்கத்தில் ‘என்ற’ என்றால் ‘என்னுடைய’.) அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. நான் இங்கே அவள் மனதில் ஓடியதாக ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தேன். அவளே அதை வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

“நெம்ப நீளமுங்க அக்கா. ஒருக்கா நானே நிக்கோணும், நாந்தான்னு நாலு பேருக்குத் தெரியோணும். அவ்வளவுதானுங்க.”

4

(இந்தப் பகுதியில் அவர்கள் கல்யாணக் கதை இருந்தது. நன்றாக இல்லை. தூக்கிவிட்டேன்.)

5

இப்போது மேடை. கூத்துப் பார்க்காதவர்களுக்காக ஒரு குறிப்பு.*

* முக்கிய வேஷம் சும்மா நடந்து வந்துவிடாது. இரண்டு பேர் ஒரு துணியை மறைப்பாகப் பிடித்துக்கொள்வார்கள். வேஷக்காரர் அதற்குப் பின்னால் நின்று, தான் யாரென்று பாட்டில் சொல்வார். கட்டியங்காரன், அதாவது கோமாளி, வெளியே நின்று கேள்வி கேட்பான். வேஷக்காரர் பாடுகிற வரியைப் பின்பாட்டுக்காரர்கள் அப்படியே திருப்பிப் பாடுவார்கள். அதற்குப் பிறகுதான் துணி இறங்கும்.

காலைத் தூக்கி ஒரு பெட்டியின்மேல் வைத்துக்கொண்டு, அன்றைக்குப் பின்பாட்டுக்கு முதல் குரலாக முன்னால் உட்கார்ந்தவர் அங்கப்பன். அவர் குழுவில் அவரே போட்ட சட்டம் ஒன்று உண்டு. “முன்னால நிக்கறவிய தப்பாப் பாடுனாலும் அதையேதான் திருப்பிப் பாடோணும். நாம திருத்துனா அந்த ஆளு அங்கயே உழுந்துபோவாரு.” எத்தனையோ ஆட்டக்காரர்களை இந்தச் சட்டம் காப்பாற்றியிருக்கிறது. இதைவிடப் பெரிய மரியாதையை ஒரு கலைஞன் இன்னொரு கலைஞனுக்குச் செய்ய முடியுமா என்ன?

துணி ஏறியது. தெய்வாத்தாளின் கால் நடுங்கியது. சலங்கைச் சத்தத்திலேயே கட்டியங்காரன் வரதராஜுலுவுக்கு அது புரிந்துவிட்டது. நல்ல மனுஷன். அவளுக்குத் தைரியம் வரட்டுமென்று, வழக்கமாக மிரட்டிக் கேட்கிற கேள்வியை மாற்றி, பக்கத்து வீட்டுக்காரன் படலைத் தட்டுகிற மாதிரி கேட்டான்.

“ஏனுங்க, உள்ளார யாருங்க? காலு தெரியுது, ஆளு தெரியலீங்களே!”

ராணி மரகதவதனி வந்தேனே என்று அவள் பாட வேண்டும். வாழ்நாளெல்லாம் வாசலில் கேட்ட கேள்விக்கு வாழ்நாளெல்லாம் சொன்ன பதில் வந்துவிட்டது. அதுவும் ராகம் பிசகாமல், தாளம் தப்பாமல், மைக்கில் கணீரென்று:

“தெய்வாத்தா வந்தேனுங்க...”

ஆர்மோனியக்காரர் கை அப்படியே நின்றது. துணி பிடித்தவர்கள் அங்கப்பனைப் பார்த்தார்கள்.

அங்கப்பன் என்ன செய்ய வேண்டும்? ‘மரகதவதனி’ என்று மாற்றிப் பாடினால் தப்பு யாருக்கும் தெரியாது, கூத்து பிழைத்துவிடும். ஆனால் தன் சட்டத்தைத் தானே உடைத்து, அவள் பெயரை அவரே அழித்த மாதிரி ஆகும். அவள் பாடியதையே பாடினால், அத்தனை ஜனமும் அந்தப் பெயரைக் கேட்கும். ராணி போய்விடுவாள். கூத்து சிரிப்பாய்ச் சிரித்தாலும் சிரிக்கும்.

6

முடிவு ஒன்று. அங்கப்பன் மாற்றிப் பாடுகிறார். துணி இறங்குகிறது. அவள் பிரமாதமாக ஆடுகிறாள்.

“அப்பறம் நான் எதுக்குங்க மேடையேறுனேன்?”

முடிவு இரண்டு. அவள் பெயரையே பாடுகிறார். சந்தை முழுக்கக் கைதட்டல். குதிரைகள் கனைக்கின்றன.

“குதிரைக்கு என்னங்க தெரியும்? ஜனஞ் சிரிக்குமுங்க அக்கா. ராணியப் பாக்க உக்காந்திருக்கறவிய முன்னால தெய்வாத்தா வந்தாச் சிரிக்கத்தான் செய்வாங்க. சிரிச்சாச் சிரிக்கட்டும், அதுக்குப் பொறவு நான் பாத்துக்கறேன். ஆனா நடக்காதத எழுதாதீங்க.”

முடிவு மூன்று. அவர் வாயைத் திறப்பதற்குள் அவளே சுதாரித்து...

“மாட்டனுங்க. சொன்னது சொன்னதுதான்.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பேனாவை மூடி வைத்தேன். “அப்படீன்னா நீயே சொல்லு. அவர் என்ன பாடுனார்?”

“எனக்குத் தெரியுமுங்க. இத்தன வருசம் ஒரே ஊட்டுல இருக்கறமல்ல.”

“சொல்லேன், எழுதிக்கறேன்.”

“மாட்டனுங்க அக்கா. நாஞ் சொல்லிக்குடுத்து அவிய பாடுனா அது எனக்கு எதுக்குங்க?”

மூடிய பேனாவை மறுபடி திறந்தேன். உங்களிடம் இதற்குப் பதில் இருந்தால் அவளிடமே சொல்லுங்கள்.

7

ஆகவே அங்கப்பன் வாயில் நான் எதையும் திணிக்கப் போவதில்லை. நான் சொல்லி அவர் பாடினால் அதுவும் அவளுக்கு வேண்டாம்.

நீங்கள் இருக்கிறீர்கள். இவ்வளவு நேரமாக நான் சொன்ன ஒவ்வொரு வரியையும் மனதுக்குள் திருப்பிச் சொல்லிக்கொண்டேதான் வந்திருக்கிறீர்கள். நான் குதிரை என்றால் குதிரை, முந்தானை என்றால் முந்தானை. அதற்குக் கூத்தில் பின்பாட்டு என்று பெயர். அங்கப்பன் பக்கத்தில் பாயில் இடம் இருக்கிறது, உட்காருங்கள். கால் வீங்கியிருக்கிறது, இடித்துவிட வேண்டாம்.

ஆர்மோனியக்காரர் சுருதியை மறுபடி பிடித்துவிட்டார். துணி இன்னும் இறங்கவில்லை. ஜனம் காத்திருக்கிறது. துணிக்குப் பின்னால் அவள் மூச்சுவிடுவது மைக்கில் கேட்கிறது.

அவள் பாடியது இதுதான்: தெய்வாத்தா வந்தேனுங்க.

நீங்கள் பாடுங்கள்.