வெளியூர் ஆட்டத்துக்கு லூர்துவை யார் கூட்டிப்போவது

1

இந்தக் கதையை எழுத வேண்டாம் என்று சகாயராணி சொல்லவில்லை. ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்.

"எழுதிக்கங்கண்ணே. ஆனா என்னையத் தூக்கிப் பீடத்துல வச்சிராதீக. அதுல ஏறி நிக்க எனக்குத் தெம்பு இல்ல."

ஒரு பத்திரிகை விளையாட்டுச் சிறப்பிதழுக்குக் கதை கேட்டிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் அணி ஜெயித்திருந்தது. மைதானத்துக்கு எதிரே தேநீர்க் கடையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். வெற்றியைப் பற்றி உற்சாகமாக ஏதாவது எழுதலாம் என்று வீட்டுக்கு வந்தேன். எழுத உட்கார்ந்ததும் வெற்றி எங்கோ போய்விட்டது, கடையில் நடந்த பேச்சு மட்டும் மிஞ்சியது.

முதல் தொடக்கம்: "காரைக்குடி மைதானத்தின் செம்மண் அன்று தங்கமாய் மின்ன—"

(மின்னவில்லை. முந்தின நாள் மழையில் சகதியாகக் கிடந்தது.)

இரண்டாவது தொடக்கம்: "கால்பந்து என்பது ஏழைகளின்—"

(போதும். எழுதும்போதே எனக்கு அலுப்பாக இருக்கிறது.)

மூன்றாவது: "நாங்கள் ஜெயித்துவிட்டோம்."

இது உண்மை. இதை வைத்துக்கொள்கிறேன்.

2

நாங்கள் ஜெயித்துவிட்டோம். நாங்கள் என்றால் மருதம் கால்பந்துக் கழகம். தென்மாவட்ட அணிகளுக்குள் நடக்கும் சின்ன லீக் அது. ஆடுபவர்கள் கல்லூரிப் பையன்கள், பிளெக்ஸ் அடிக்கிறவர்கள், ஒரு வங்கிக் காசாளர். என்னைப் போன்றவர்கள் கோட்டுக்கு வெளியே நின்று கத்துகிறவர்கள். இந்தப் பருவத்தில் தோற்றுக்கொண்டே இருந்தோம். அன்றைக்குத் திருநெல்வேலி அணியோடு ஆட்டம். முடியப்போகும் நேரத்தில் கார்னரில் இருந்து வந்த பந்து எங்கள் நெட்டைப் பையன்மேல் பட்டு உள்ளே போனது.

"தலையில பட்டதுய்யா, நான் கண்ணால பாத்தேன்" என்றான் வீரபாண்டியன். தாலுகா ஆபீசில் வேலை. அங்கே பேசாததையெல்லாம் சேர்த்துவைத்து ஞாயிற்றுக்கிழமை பேசுவான்.

"தோள்லதான் பட்டுச்சு. அவனே தோளத் தடவிக்கிட்டு நின்னானே" என்றான் சத்தியமூர்த்தி. எங்களையெல்லாம் ஆட்டங்களுக்கு ஏற்றிப்போகும் வேன் அவனுடையது.

"எதுல பட்டா என்ன, உள்ள போச்சுல்ல" என்றேன் நான்.

பிளாஸ்டிக் நாற்காலியில் லூர்து பிரகாஷ் சிரித்துக்கொண்டிருந்தார். வாயின் இடது பக்கம் மட்டும் சிரித்தது. மின்வாரியத்தில் இருந்தவர். எங்களை இந்த விளையாட்டுக்கு இழுத்து வந்தவரே அவர்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலக்கையும் வலக்காலும் போயின. பேச்சில் சில சொற்கள் மிஞ்சின. 'ராணி' என்பார், 'கோலு' என்பார், 'இல்ல' என்பார். வேறு சொல் வேண்டுமானால் அதற்காக அவர் நெடுநேரம் போராட வேண்டும்.

அவர் மனைவி சகாயராணி பக்கத்தில் நின்று தேநீரை ஆற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டிக்கொண்டிருந்தார். கண்டரமாணிக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். வாரம் முழுக்கப் பஸ். பகலில் பக்கத்து வீட்டு அம்மாள் லூர்துவைப் பார்த்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை கணவரை மைதானத்தில் உட்காரவைத்துவிட்டு, கோட்டுக்கு வெளியே பரீட்சைத் தாள் திருத்துவார். கோல் விழுந்தால் சத்தத்தை வைத்து நிமிர்ந்து பார்ப்பார்.

இனி வரிசையாக மூன்று வெளியூர் ஆட்டங்கள். திண்டுக்கல், தூத்துக்குடி, நாகர்கோவில்.

"திண்டுக்கல்லு தரை பாறை மாதிரி இருக்கும். பந்து எகிறும். இவனுக தரையோட ஆடணும்" என்றான் வீரபாண்டியன்.

"தூத்துக்குடியில காத்து. ரெண்டாவது பாதியில எங்குட்டு அடிச்சாலும் காத்து போற பக்கந்தான் போகும்."

"நாகர்கோவில்ல ஆடுறது பதினோரு பேரு இல்ல பங்காளி, ஊரே ஆடும்."

சத்தியமூர்த்தி வேனில் யாருக்கு எந்த சீட் என்று பிரிக்க ஆரம்பித்தான். "லூர்து பங்காளிக்கு முன் சீட்டு. அவருக்குப் பின்னாடி டீச்சர்—"

"நான் வரல" என்றார் சகாயராணி.

"ஏன் டீச்சர், பள்ளிக்கூடத்துல எதுவும் வேலையா?"

"எதுவும் இல்ல. நான் வரல, அவ்வளவுதான். அவரு வருவாரு. நீங்க கூட்டிட்டுப் போங்க."

"அதுக்கென்ன டீச்சர், எங்க பங்காளிதானே!" வீரபாண்டியன் சட்டென்று சொல்லிவிட்டான்.

"அதுக்கென்னன்னு சொல்லிட்டீக. என்னென்னன்னு கேட்டுக்கங்க."

சொன்னார். சுற்றுலாவுக்குப் பிள்ளைகள் என்ன கொண்டுவர வேண்டும் என்று சொல்வாரே, அதே குரல். அவராகக் கேட்கமாட்டார், அப்பப்போ நீங்களே பாத்ரூமுக்குக் கூட்டிப்போக வேண்டும். பேண்ட்டை வலது பக்கத்திலிருந்து கழற்ற வேண்டும். தண்ணீரை மடக் மடக்கென்று கொடுத்தால் புரையேறும். சோற்றை மசித்துத்தான் தர வேண்டும். 'இல்ல' என்று கத்தினால் சில நேரம் ஆமாம் என்று அர்த்தம், கண்ணைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தலையா தோளா என்ற வழக்கு அத்தோடு நின்றது. சத்தியமூர்த்தி வண்டிச் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். லூர்து மைதானத்துப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்குக் காதில் ஒரு குறையும் இல்லை. அந்த நேரத்தில் எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

3

இந்த இடத்தில் என் முதல் வரைவில் சகாயராணி அழுதார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "கட்டுனவருக்குச் செய்யிறது பாரமான்னு—" என்று எதையோ சொல்ல வந்து, சொல்லாமல் நிறுத்தினார். எழுதியபோது எனக்கே நெஞ்சு அடைத்தது. நன்றாக வந்துவிட்டது என்று நினைத்து அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

மறுநாள் பஸ் இரைச்சலோடு ஒரு குரல்பதிவு வந்தது.

"அண்ணே, படிச்சேன். நான் எப்ப அழுதேன்? அழுக நேரம் கெடச்சா நான் தூங்கியிருக்க மாட்டேனா?"

அழுகையை அடித்துவிட்டேன்.*

* அடித்த பிறகு அந்தப் பாத்திரத்தை எனக்குப் பிடிக்காமல் போனது. கொஞ்ச நாள் கதையைத் தொடவில்லை. களைத்துப்போன ஒரு பெண் அழாவிட்டால் அவரைக் கல்நெஞ்சக்காரி என்று எண்ணத் தயாராக இருந்திருக்கிறேன். வாசகர்களுக்கும் அப்படித் தோன்றலாம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. அவர் அழவில்லை. கணவரின் சட்டையில் சிந்திய தேநீரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

4

திண்டுக்கல்லுக்குப் போனோம். காலை ஆட்டம். விடிந்ததும் கிளம்பினோம். சகாயராணி வாசல்வரை வந்து சத்தியமூர்த்தியிடம் ஒரு பையைக் கொடுத்தார், லூர்துவின் காலரைச் சரிசெய்தார், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கையாட்டவில்லை.

வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினோம். நானும் வீரபாண்டியனும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு பாத்ரூமுக்குக் கூட்டிப்போனோம். மூன்று பேர் நிற்க அங்கே இடமில்லை. நான் பேண்ட்டில் கை வைத்ததும் லூர்து இடதுகையால் என்னைத் தள்ளினார். அந்தக் கையில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"இல்ல!"

நான் கண்ணைப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்பறம் போய்க்குவோம்" என்றான் வீரபாண்டியன். திரும்ப ஏற்றிவிட்டோம்.

முதல் பாதியில் இரண்டு கோல் வாங்கினோம். இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில் லூர்துவின் நாற்காலிக்குக் கீழே மண் ஈரமாவதைப் பார்த்தேன். மாற்று உடுப்பு இருந்த பை வண்டியில். வண்டி டீசல் போடப் போயிருந்தது. சுற்றிலும் திண்டுக்கல் ரசிகர்கள். ஒருத்தர் பார்த்துவிட்டு நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அதுதான் மோசமாக இருந்தது.

வீரபாண்டியன் தன் தோள்பையிலிருந்து லுங்கியை எடுத்தான். வண்டியில் தூங்க அவன் எப்போதும் ஒன்று கொண்டுவருவான். "பங்காளி, எந்திரிங்க" என்று தூக்கி நிறுத்தினான். நான் முன்னால் நின்று மறைத்தேன். முடிச்சு சரியாக விழவில்லை. இரண்டு முறை அவிழ்ந்தது. வாய் ஓயாமல் பேசுகிறவன் ஒரு வார்த்தை பேசாமல் மண்டியிட்டு மறுபடி கட்டினான். எங்கள் முதுகுக்குப் பின்னால் மூன்றாவது கோலுக்குக் கூட்டம் கத்தியது.

(இங்கே ஒரு நல்ல வாக்கியம் எழுதலாம். நட்பைப் பற்றியோ, மனித உடம்பைப் பற்றியோ. அன்றைக்கு எனக்கு அப்படி எதுவும் தோன்றவில்லை. கை கழுவ எங்கே தண்ணீர் இருக்கும் என்று தேடினேன்.)

திரும்பும்போது லூர்து ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். அவர் முகத்தை நாங்களும் பார்க்கவில்லை.

மாலை வெயில் சாயும் முன்னால் வீட்டுக்கு வந்துவிட்டோம். சகாயராணி கதவைத் திறந்தார். கன்னத்தில் தலையணைத் தையல் அச்சு விழுந்திருந்தது. இரண்டு வருஷத்தில் அவர் முகத்தை அவ்வளவு தெளிவாக நான் பார்த்ததில்லை.

"என்ன டீச்சர் செஞ்சீக?" என்றான் சத்தியமூர்த்தி, ஏதாவது கேட்க வேண்டுமே என்று.

"தூங்குனேன்."

"நாள் பூராவுமா?"

"செல்போன ஆஃப் பண்ணிப்புட்டுத் தூங்குனேன். கனவுகூட வரல."

பிறகு லுங்கியைப் பார்த்தார். கணவரின் இடதுகையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார்.

5

அடுத்தது தூத்துக்குடி. ஆட்டம் என்றால் எங்கள் வாட்ஸ்அப் குழு கொதிக்கும். அந்த வாரம் சத்தமே இல்லை. வீரபாண்டியன், மச்சினன் வீட்டில் விசேஷம் இருக்கலாம் என்றான். இருக்கிறது என்று சொல்லவில்லை, இருக்கலாம் என்றான். சத்தியமூர்த்தி வண்டியைப் பணிமனையில் விட வேண்டியிருக்கும் என்றான். நான் ஏதோ டைப் அடித்து அழித்தேன். இந்தக் கதையை முடிக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முடிவுகளைத் தேடினேன்.

ஒன்று: லூர்துவே "நான் வரவில்லை" என்று சைகையில் சொல்லி எங்களை விடுவிக்கிறார். (நோயாளி பெருந்தன்மையாக இருந்துவிட்டால் மற்றவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம். எழுதினேன். கிழித்தேன்.)

இன்னொன்று: வீரர்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி— (சகாயராணியின் குரல்பதிவு: "அவருக்குத் தலை சுத்தும்ண்ணே.")

சாவு. (அதை எழுதமாட்டேன். எழுத்தாளர்களுக்குக் களைப்பு வந்தால் யாரையாவது சாகடித்துவிடுகிறோம்.)

சனிக்கிழமை சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். லூர்து கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சகாயராணி அடுப்படியில் இருந்தார்.

"பங்காளி, நாளைக்கு வாரீகளா? உங்களுக்கு இஷ்டம்னாத்தான்."

அவர் வாய் ஒரு சொல்லைத் தேடியது. நான் ஒன்றிரண்டு சொற்களை எடுத்துக் கொடுத்தேன். எரிச்சலோடு தலையை ஆட்டினார். கடைசியில் சொன்னார்.

"வெக்கம்."

எனக்குக் கண்ணெல்லாம் கலங்கவில்லை. நெஞ்சிலிருந்து எதையோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

"எனக்குந்தான் பங்காளி. அன்னைக்கு உங்களத் தொடவே கூசுச்சு."

என்னையே பார்த்தார். பிறகு இடது பக்க வாய் சிரித்தது. இடதுகையால் என் கையை எடுத்துத் தன் இடுப்பின் வலது பக்கத்தில் வைத்தார். இங்கிருந்து ஆரம்பி என்பதுபோல. சகாயராணி சொன்னதை நான் கேட்டேனே தவிர, திண்டுக்கல் போகும் வழியில் இடது பக்கம்தான் கை வைத்திருக்கிறேன்.

சகாயராணி கரண்டியோடு வாசல்படியில் வந்து நின்றார். எவ்வளவு கேட்டார் என்று தெரியவில்லை.

"கதையில எப்படி வேணாலும் எழுதிக்கங்க. நாளைக்கு வண்டி வருதா வரலையா, அத மட்டும் சொல்லுங்கண்ணே. வரலைன்னா நாளைக்கு எனக்கு நேரம் இருக்காது, இப்பவே துணி ஊறப்போடணும்."

"வருது" என்றேன். சத்தியமூர்த்தியிடம் அதற்குப் பிறகுதான் கேட்டேன். பணிமனை திங்கட்கிழமைகூடத் திறந்திருக்கும் என்றான். வீரபாண்டியனின் மச்சினன் விசேஷத்தைப் பற்றி நாங்கள் யாரும் மறுபடி விசாரிக்கவில்லை. அவனும் வந்துவிட்டான்.

6

தூத்துக்குடியில் ஒன்றுக்கு ஒன்று, சமன். காற்று கடையில் பேசியதற்கு மேலேயே அடித்தது. லூர்துவை நான் ஒருமுறையும் சத்தியமூர்த்தி ஒருமுறையும் பாத்ரூமுக்குக் கூட்டிப்போனோம். சத்தியமூர்த்தி வெளியே வந்து முகத்தைக் கழுவிக்கொண்டு, "என்னய்யா, புள்ளைக்குச் செஞ்சதில்லையா நாம" என்றான். அவன் பிள்ளைக்குச் செய்தது அவன் பெண்டாட்டி என்பது எங்களுக்குத் தெரியும். யாரும் சொல்லவில்லை. சோறு ஊட்டும்போது லூர்து ஒருமுறை புரையேறி எல்லோரையும் பயமுறுத்தினார். ஒருவழியாக ஆனது. நன்றாக நடந்தது என்று சொல்லமாட்டேன்.

திரும்பும் வழியில் நாகர்கோவில் பேச்சு வந்தது. யார் இறங்க வேண்டும், யாரை உட்காரவைக்க வேண்டும் என்று வீரபாண்டியன் அணி பிரித்தான். பிறகு சத்தியமூர்த்தி, கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல், "அங்க காலையில ஆட்டம். முந்தின நாளே போய் ராத் தங்கணும்" என்றான்.

பேச்சு நின்றது.

ராத் தங்குவதென்றால் அவரைப் படுக்கவைக்க வேண்டும், நடுவில் எழுப்ப வேண்டும், விடிந்ததும் குளிக்கவைக்க வேண்டும். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எங்கள் கால்களெல்லாம் வலித்தன. முன் சீட்டில் லூர்து தூங்கவில்லை. தலை நேராக இருந்தது. கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த மௌனத்தை யார் உடைத்தார், என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும். எழுதப்போவதில்லை. எழுதினால் சொன்னவர் நல்லவர் ஆகிவிடுவார், மற்றவர்கள் சுயநலக்காரர்கள் ஆகிவிடுவார்கள். அப்படி ஒன்றும் இல்லை. எல்லோருமே களைத்திருந்தோம். எங்களையெல்லாம்விடக் களைத்திருந்தவர் அந்நேரம் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார்.

ஆகவே வண்டியை அவர்கள் தெருமுனையில் நிறுத்துகிறேன். இன்னும் வெளிச்சம் இருக்கிறது. ஹாரன் அடித்தால் சகாயராணி எழுந்துவிடுவார், கதவைத் திறப்பார், அடுத்த வாரம் எப்படி என்று கேட்பார். அதற்குள் நம்மில் யாராவது பேசியாக வேண்டும்.

சத்தியமூர்த்தி ஹாரன்மேல் கையை வைத்துக்கொண்டு காத்திருக்கிறான். நாகர்கோவிலுக்கு லூர்துவை யார் கூட்டிப்போவது? நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள், லூர்துவுக்கும் கேட்கட்டும்.