பாய்லரில் ஒட்டிய பெயர்

“முன் வாசல் வேண்டாம் இம்கே. பக்கத்துப் படி வழியா நிலவறைக்குப் போயிடு. மூணு மணிக்கு எல்லாரும் வந்துடுவாங்க,” என்றாள் அம்மா கேர்டா, கதவைப் பாதி மட்டும் திறந்து.

ஜெர்மனியின் பிரேமன் நகரில் அன்று குளிர் மைனஸ் எட்டு டிகிரி. வீட்டைச் சூடாக்கும் பாய்லர் நின்று நான்கு நாளாகிறது. அப்பா ஹார்ட்விக் லூடர்ஸ், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பதினொரு கம்பெனிகளுக்குப் போன் போட்டுப் பார்த்துவிட்டார். ஆள் கிடையாது, ஆறு வாரமாகும் என்றார்கள். அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்கு விருந்தாளிகள் கோட்டோடு உட்கார்ந்தா கேக் தின்பார்கள்? கடைசியில்தான் மகள் ஞாபகம் வந்தது. சட்டப் படிப்பைப் பாதியில் விட்டு, ஹீட்டிங் வேலை கற்று, சொந்தத் தொழில் நடத்த உரிமை தரும் மாஸ்டர் தேர்வும் தேறி, சொந்தமாகத் தொழில் நடத்துகிற மகள். அக்கம்பக்கத்தில் அவர் சொல்லி வைத்திருப்பது, ‘எரிசக்தித் துறையில் இருக்கிறாள்.’

“கை கழுவணும்னா கீழயே கழுவிக்கோ. மேல புது டவல் போட்டிருக்கேன்,” என்றாள் அம்மா.

எங்கள் ஊரில் சாதி இல்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். கை கறுத்தவர்களுக்குத் தனி வாசல் மட்டும் உண்டு.

இரண்டு மணி நேரத்தில் பாய்லர் உறுமியது. பார்த்த வேலைக்கு அடையாளமாக, பெயரும் போன் நம்பரும் உள்ள ஸ்டிக்கரை அதில் ஒட்டிவிட்டுப் போவது தொழில் வழக்கம். இரண்டு வருடத்துக்கு முன் அவள் ஒட்டியதை அப்பா சுரண்டி எடுத்த தழும்பு அப்படியே இருந்தது. அதன் மேலேயே புதிதாக ஒன்றை ஒட்டினாள்.

மேலே கேக் வெட்டியாகிவிட்டது.

“எங்க வீட்ல பத்து நாளா பச்சத்தண்ணிக் குளியல். உங்களுக்கு யாரு வந்து சரிபண்ணினது?” என்று கேட்டார் ஓய்வுபெற்ற நீதிபதி பிராக்மன்.

“ஒரு ஆள் வந்தான்,” என்றார் அப்பா.

“அந்த ஆள் நம்பரைக் குடுங்க ஹார்ட்விக். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

அப்பா காபிக் கோப்பைக்குள் பார்த்தார்.

நிலவறைப் படியில் நின்று எல்லாவற்றையும் கேட்ட இம்கே, பூட்ஸைக் கழற்றாமல் நடுக்கூடத்துக்கு வந்தாள். ஒரு ஸ்டிக்கரை நீதிபதியின் தட்டுக்கு அருகே வைத்தாள். அவர் கண்ணாடியை மாட்டிப் படித்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார்.

“வாசல் மணிக்குப் பக்கத்துல எழுதியிருக்கிற அதே லூடர்ஸ்தான் சார். வியாழக்கிழமை காலைல உங்க வீட்டுக்கு வரேன். முன் வாசலைத் திறந்து வைங்க.”

அவள் முன் வாசல் வழியாகவே வெளியேறினாள். ஒரு துண்டு கேக் சாப்பிட்டுப் போ என்று கதகதப்பான அந்த அறையில் ஒருவரும் சொல்லவில்லை.