சந்தேகம் என்றொரு குழு

கடையில் எல்லோருக்கும் அவள் அண்ணிதான். புருஷனின் தங்கை அப்படிக் கூப்பிடப் போய், தச்சரும் கூப்பிட்டு, பலகை ஏற்றி வரும் வண்டிக்காரர் வரைக்கும் அதுவே அவளுக்குப் பேராகிவிட்டது. வீடுகளுக்குச் சமையலறை அமைத்துக் கொடுக்கிற கடை அது. புருஷன் அளவெடுப்பார், பொருத்துவார். நாத்தனார், வீட்டில் எல்லோருக்கும் சின்னவள், கணினியில் வரைவாள். அவள் கை பட்டால் ஆறடிச் சந்துகூட அடுப்பும் தொட்டியும் வைத்துக்கொண்டு மூச்சு விடும். அண்ணி விலை பேசுவாள், வருகிறவர்களை உட்கார வைத்துக் காபி கொடுப்பாள். அதோடு பெட்டியையும் பார்த்துக்கொள்வாள்.

பெட்டி என்றால், பின்னறை அலமாரியில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சேமிப்புப் பெட்டி. கடையிலுள்ள எல்லாக் கணினிகளும் அதில்தான் படங்களை வைத்து எடுக்கும், வருகிறவர்கள் பார்க்கிற ஹால் டிவியும் அதிலிருந்துதான் எடுக்கும். யார் எந்த ஃபோல்டரைத் திறக்கலாம், யார் திறக்கக் கூடாது என்று டிக் போட்டு வைப்பது அண்ணியின் வேலை. ஆளுக்கொரு பேர், பேர்களைச் சேர்த்துக் குழுக்கள், குழுவுக்கு இன்னின்ன உரிமை. இதைப் படித்துத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து அண்ணிக்குக் கொஞ்சம் தலைக்கனம்தான். வீட்டுச் சாவிக்கொத்தைவிட அட்மின் பாஸ்வேர்டைத்தான் அவள் பெரிசாக நினைத்தாள்.

அப்படிப்பட்டவள் காவலிருக்கும்போதே படங்கள் வெளியே போயின. சின்னவள் ஒரு டாக்டர் வீட்டுக்காக வரைந்த மூலை அலமாரி, டாக்டர் பார்ப்பதற்கு முன்பே எதிரே இதே தொழில் செய்கிற கடையின் கண்ணாடியில் பெரிய படமாகத் தொங்கியது. அடுத்து ஒரு வாத்தியார் வீட்டுத் தொட்டி. அதற்கடுத்து, சின்னவள் ராப்பகலாய்ப் பாடுபட்ட மடக்கு மேஜை. கடைக்குள்ளேயே யாரோ காட்டிக் கொடுக்கிறார்கள். அவளைத் தவிர இருப்பதே மூன்று பேர். தச்சர் கணினிப் பக்கமே போக மாட்டார். புருஷனுக்குத் தன் கைப்பேசியின் பாஸ்வேர்டே நினைவில் நிற்காது.

மிச்சம் யார்? அந்த நினைப்பு வந்த அன்று அண்ணிக்குத் தன் மேலேயே வெட்கமாக இருந்தது. மறுநாள் வெட்கம் குறைந்தது. அதற்கு மறுநாள், மருந்துக் கடை வாசலில் சின்னவளும் எதிர்க்கடைக்காரர் மனைவியும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும், மிச்சமிருந்த வெட்கமும் மொத்தமாகவே போய்விட்டது.

"என்ன பேச்சு அவகூட?" என்று சாப்பாட்டு நேரத்தில் சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டாள்.

"சும்மாதான் அண்ணி. ஊர்க்கதை" என்று சொல்லிவிட்டுச் சின்னவள் தட்டைக் கழுவ எழுந்து போனாள்.

சும்மாவாம்! யார் காதில் பூச்சுற்றுகிறாள்?

போதாக்குறைக்கு அதே வாரம் சின்னவள் தானாகவே வந்து ஒன்று சொன்னாள். "அண்ணி, முன்னாடி ஹால்ல இருக்கற டிவி உங்க பேர்ல உள்ள போயிருக்கு போல. எல்லா ஃபோல்டரும் தெரியுது. என்னன்னு பாத்துருங்க."

"பாத்துக்கறேன்" என்றாள் அண்ணி. மனசுக்குள் வேறு கணக்கு ஓடியது. இவளுக்கு எதற்கு இந்த அக்கறை? திருடுகிறவள்தானே இன்னொரு பக்கம் கையைக் காட்டுவாள்? இவள் சொல்லி நான் ஓடுவதா என்ற வீம்பில் டிவி பக்கமே அவள் போகவில்லை.

அன்றைக்கே வலையும் விரித்தாள். பெட்டியில் புதிதாக ஒரு குழு. அதில் சின்னவள் ஒருத்தியின் பேர் மட்டும். அந்தக் குழுவுக்கு எல்லா ஃபோல்டரும் தடை, ஒன்றே ஒன்றைத் தவிர. ஏற்கெனவே வரைவாளர் குழுவில் சின்னவளுக்கு எல்லா உரிமையும் இருந்தால் இருக்கட்டும். ஒரு குழு திறக்கலாம் என்று சொல்லி இன்னொரு குழு கூடாது என்று சொன்னால், கூடாது என்பதுதான் ஜெயிக்கும். அது பெட்டியின் சட்டம். குழுவுக்குப் பேர் வைக்காமல் பெட்டி நகர மாட்டேன் என்றது. அண்ணி அதிகம் யோசிக்கவில்லை. மனசில் இருந்ததையே அடித்தாள்: சந்தேகம்.

திறந்து வைத்த அந்த ஒரு ஃபோல்டரில், பச்சைக் கதவு போட்ட பொய்ச் சமையலறைப் படம் ஒன்றை வைத்தாள். எதிர்க்கடையில் பச்சைக் கதவு தொங்கினால் குட்டு வெளிப்பட்டுவிடும். படத்தை வரையப் பழகுவதற்காக முதலில் தன் சொந்த ஃபோல்டரில் ஒன்று போட்டுப் பார்த்திருந்தாள். அதில் குளிர்பெட்டியைக் கொண்டுபோய் அடுப்புக்கு இடிக்க வைத்திருந்தாள். கதவைத் திறந்தால் அடுப்பில் இருக்கிற பாத்திரம் கவிழும். முடித்த பிறகுதான் கவனித்து, நல்லவேளை யாரும் பார்க்கவில்லை என்று தானே தலையில் அடித்துக்கொண்டாள். அழிக்க மனசு வராமல் அப்படியே விட்டுவைத்தாள். என்ன இருந்தாலும் முதல் படம்.

"அண்ணி, பழைய படம் எதுவும் எனக்குத் திறக்கல" என்று வந்து நின்றாள் சின்னவள்.

"பெட்டிக்கு வயசாயிடுச்சுல்ல. கொஞ்ச நாள் அந்தப் புது ஃபோல்டரை வச்சு ஓட்டு."

சின்னவள் அவள் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். "சரிங்கண்ணி" என்று போய்விட்டாள். அதற்கப்புறம் மேஜையைவிட்டு அதிகம் எழவில்லை, பேச்சும் குறைந்துபோனது. குற்றமுள்ள நெஞ்சு என்று அண்ணி நினைத்துக்கொண்டாள்.

இத்தனை கவலைக்கு நடுவில் அவளுக்கு ஆறுதலாக இருந்தவர் ஒரே ஒருவர், 'கேட்டுச் சொல்றேன்' சார். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிற வாடிக்கையாளர் திரும்பி வருவதில்லை, எந்தக் கடைக்காரருக்கும் தெரிந்த விஷயம் இது. இவர் மட்டும் விதிவிலக்கு. வாரம் தவறாமல் வருவார். அவசரமே படமாட்டார். ஹால் சோபாவில் சாய்ந்து, ரிமோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, கடையில் செய்து முடித்த சமையலறைப் படங்களை டிவியில் ஒவ்வொன்றாகப் பார்ப்பார். காபி நன்றாக இருக்கிறது என்பார். இப்படி நாலு பேர் இருந்தால் போதும் என்று அண்ணி புருஷனிடம் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினாள்.

வலை விரித்து ஒரு வாரம் இருக்கும். எதிர்க்கடைக் கண்ணாடியில் புதுப்படம் ஏறுவது தெரிந்தது. அண்ணி செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் தெருவைக் கடந்தாள். பச்சைக் கதவு, பச்சைக் கதவு என்று மனசு அடித்துக்கொண்டது.

கதவு பச்சை இல்லை. குளிர்பெட்டி அடுப்பை இடித்துக்கொண்டு நின்றது.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தத் தப்பை அவளைத் தவிர வேறு யாராலும் போட்டிருக்க முடியாது. சின்னவள் தூக்கத்தில் வரைந்தாலும் அப்படி வராது. அது இருந்தது அண்ணியின் சொந்த ஃபோல்டரில். அவள் பேரில் நுழைந்தால் மட்டுமே அது திறக்கும், அவள் பேரில் நுழைந்தால் முதலில் திறப்பதும் அதுதான். அவள் பேரில் யார் நுழைவார்கள்?

"டிவி உங்க பேர்ல உள்ள போயிருக்கு போல."

வந்த வேகத்திலேயே திரும்பினாள். ஹாலில் 'கேட்டுச் சொல்றேன்' சார் வழக்கம்போல் சோபாவில் இருந்தார். டிவியில் அவள் ஃபோல்டர்கள் வரிசையாக விரிந்து கிடந்தன. அவர் ஒரு கையில் ரிமோட், இன்னொரு கையில் கைப்பேசி, அதன் கண் டிவியைப் பார்த்தபடி. அவளைக் கண்டதும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. கைப்பேசி மெதுவாகச் சட்டைப் பைக்குள் இறங்கியது.

"நல்லா பண்றீங்கம்மா. வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்று எழுந்து போனார். நேராகத் தெருவைக் கடந்து எதிர்க்கடைக்குள் நுழைந்தார். பக்கத்தில் பாதிக் காபி ஆறிக்கொண்டிருந்தது. அவளே போட்டுக் கொடுத்த காபி.

அண்ணிக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. செய்து முடித்த படங்களை மட்டும் பார்க்கும்படி டிவிக்கென்று தனிப்பேர் வைத்திருந்தாள். ஒருநாள் ஹால் நிறைய ஆள் இருக்கும்போது அது மக்கர் செய்ய, மானம் போகிறதே என்று தன் பேரையும் பாஸ்வேர்டையும் அடித்துவிட்டு அப்படியே மறந்துபோனாள். சாவிக்கொத்தை சோபாவில் போட்டுவிட்டு, நாத்தனாருக்குப் பூட்டுப் போட்டிருக்கிறாள். அவள் மனசாரத் தன்னைத் திட்டிக்கொண்டாள். டிவியிலிருந்து தன் பேரை எடுத்தாள். பின்னறைக்கு ஓடி அந்தக் குழுவை அழித்தாள். சின்னவளுக்கு எல்லா ஃபோல்டரும் திறந்தன. ஒரு நிமிஷ வேலைதான். யாருக்கும் தெரியவராது என்று மூச்சு விட்டாள்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சின்னவளின் மேஜைக்குப் போனாள். "பெட்டி சரியாயிடுச்சும்மா. இப்பத் திறந்து பாரு."

சின்னவள் திறந்து பார்க்கவில்லை. "சந்தேகத்தை எடுத்துட்டீங்களா அண்ணி?"

"அது... உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் அண்ணி.

"ஃபோல்டர் ஏன் திறக்கலன்னு அன்னைக்கே வலது க்ளிக் பண்ணிப் பாத்தேன். எந்தக் குழுவுக்குத் தடைன்னு அதுலயே பேர் போட்டு வந்துச்சு. துணைக்கு அண்ணனையாவது அதுல சேத்திருக்கலாம்."

"அன்னைக்கேவா? ஏம்மா கேக்கல?"

"என்னன்னு கேக்க? நீங்களா எடுப்பீங்கன்னு இருந்தேன்."

"தப்புதான். என் புத்தியச் செருப்பால அடிக்கணும். அந்தப் பொம்பளைகூட நீ சிரிச்சுப் பேசினதப் பாத்து..."

"அவங்க கடைக்கு வரச் சொல்லிக் கேட்டாங்க. மாட்டேன்னேன். சண்டை இல்லாம சொல்லணுமேன்னு சிரிச்சேன். உங்ககிட்ட சொன்னா ராத்திரி தூங்க மாட்டீங்கன்னுதான் சொல்லல."

மேஜை மேல் சின்னவளின் வரைபேனாவும் மூக்குக்கண்ணாடியும் ஒரு பையில் போட்டு வைக்கப்பட்டிருந்ததை அண்ணி அப்போதுதான் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. "அங்கயா போற?"

"அங்க போக மாட்டேன். போனா நீங்க நெனச்சது சரின்னு ஆயிடும்." சின்னவள் பையைத் தோளில் மாட்டினாள். "வேற எங்கயாவது பாக்கணும்."

"போகாதம்மா. பாஸ்வேர்டை உன்கிட்டயே குடுத்துடறேன். பெட்டிய நீயே பாத்துக்க. இந்தக் கடையில நீ இருக்கியா, அத மட்டும் சொல்லு."

அண்ணனும் அண்ணியும் கீழே, சின்னவள் மாடியில். ஒரே வீடு. ஒரே அடுப்பு. கேட்பதற்கு அந்த வீட்டில் வேறு யாரும் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

"வீட்ல கேட்டுச் சொல்றேன் அண்ணி" என்றாள் சின்னவள்.

அவள் ஹாலைத் தாண்டித் தெருவில் இறங்கும்வரை அண்ணி பார்த்துக்கொண்டே நின்றாள். அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போனவர்களில் திருட வந்தவர் ஒருவரைத் தவிர வேறு யாரும் அந்தக் கடைக்குத் திரும்பி வந்ததில்லை.