தள்ளிவிட்டால் ஓடும்

டிரைவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். பேட்டரி செத்துப்போன வண்டியை நாலு பேர் பின்னாலிருந்து தள்ள வேண்டும். கொஞ்சம் வேகம் பிடித்ததும் உள்ளே இருப்பவன் கியரைப் போட்டு கிளட்சை விட வேண்டும். வண்டி ஓர் உலுக்கு உலுக்கும், இருமும், புகை கக்கும், பிறகு ஒன்றுமே நடக்காதது மாதிரி ஓடத் தொடங்கும். ராணுவத்தில் சேர்ந்த நாள் முதல் ஜீப், லாரி, தண்ணீர் வண்டி என்று எத்தனையோ வண்டிகளுக்கு இப்படி உயிர் கொடுத்தவர் அவர். பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று வாசற்படியைக் கட்டிக்கொண்டு அழுத மகளுக்கும் இதே வைத்தியம்தான் செய்தார். அவள் ஓடினாள். அதற்கப்புறம் அவரிடம் யார் என்ன சொல்லி என்ன பிரயோஜனம்?

இப்போது அவர் தள்ளிவிட நினைத்தது மைத்துனனை. மனைவியின் தம்பி, அதே படைப்பிரிவில் மருத்துவ உதவியாளன். ஊசி போடுவது, கட்டுக் கட்டுவது, அடிபட்டவனைத் தூக்கி வருவது எல்லாம் அவன் வேலை. போன வருடம் ஒரு பயிற்சியின்போது லாரி ஒன்று சரிவில் உருண்டது. அதில் இவனும் இருந்தான். இவனுக்குச் சிராய்ப்பு மட்டும். புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் இறந்துபோனான். அன்றிலிருந்து மைத்துனன் எந்த மோட்டார் வண்டியிலும் கால் வைத்ததில்லை. குடியிருப்பிலிருந்து ஆஸ்பத்திரிக்கு சைக்கிள். அக்கா வீட்டுக்கு சைக்கிள். மழை கொட்டினாலும் சைக்கிள். முகாமில் எல்லோரும், “பையன் உடம்பை எப்படி வச்சிருக்கான் பாரு” என்று மெச்சினார்கள். விஷயம் என்னவென்று தெரிந்தது அக்காவுக்கும் மாமாவுக்கும்தான்.

மூடி மறைத்து ஓட்டியாயிற்று. ஆனால் அடுத்த மாதம் படைப்பிரிவுக்கே மாற்றல். எல்லோரும் லாரியில் ஏறித்தான் போகவேண்டும். ஏறமாட்டேன் என்று ஒருவன் நின்றால் மருத்துவ போர்டு கூப்பிடும். போர்டு கூப்பிட்டால் பெரும்பாலும் வீட்டுக்குத்தான் அனுப்பும்.

“அவனுக்கு அந்த வேலையை விட்டா வேற என்னங்க இருக்கு? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவனை ஏத்திடுங்க. அப்புறம் சரியாயிடும்,” என்றாள் மனைவி.

“ஏத்திடறேன், விடு,” என்றார் டிரைவர், ஏதோ காய்கறி மூட்டையைச் சொல்வது போல.

இந்த நேரத்தில்தான் கேப்டன் மேடம் சைக்கிள் சவாரியை அறிவித்தார். படையில் கை கால் இழந்தவர்களுக்கான மறுவாழ்வு இல்லத்துக்கு நிதி திரட்ட, எட்டுப் பேர், மலைப்பாதை வழியாக நாலு நாள். ஊருக்கு ஊர் நின்று உண்டியல் குலுக்குவார்கள். பின்னால் ஒரு வேன் வரும். தண்ணீர், சாப்பாடு, உதிரி டயர், எல்லாம் அதில். ஒரு கண்டிப்பான விதியும் உண்டு: வேனில் உட்கார்ந்தவர் சவாரியிலிருந்து நீக்கம். அதன்பிறகு அவர் சைக்கிளைத் தொடக்கூடாது. பையன்கள் அந்த வேனுக்கு ‘மாமியார் வீடு’ என்று பெயர் வைத்தார்கள். வேனை ஓட்டுவது டிரைவர். எட்டுப் பேரில் ஒருவன் மைத்துனன். டிரைவருக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி இருந்தது. மலையேற்றம் அவனைத் தள்ளும், வேன் கதவைத் திறந்து வைத்திருந்தால் போதும் என்று கணக்குப் போட்டார்.

முதல் நாள் தண்ணீர் பாட்டில்களை எல்லாம் கடைசி சீட்டுக்குப் பின்னால், உள்ளே ஏறினால்தான் கைக்கு எட்டும்படி அடுக்கிவைத்தார். மைத்துனன் வந்தான், கதவருகே நின்றான், எட்டிப் பார்த்தான்.

“மாமா, ஒரு பாட்டில் எடுத்துக் குடுங்க.”

“எனக்கு முதுகுவலி. நீயே ஏறி எடுத்துக்க.”

அவன் சாலையோரக் குழாய் ஒன்றைத் தேடிப்போய் வயிறு முட்டக் குடித்துவிட்டு வந்தான். மற்ற பையன்கள், “அண்ணே, தண்ணியை என்ன புதையல் மாதிரி ஒளிச்சு வச்சிருக்கீங்க?” என்று கேட்டதுதான் மிச்சம்.

இரண்டாம் நாள் முதலுதவிப் பெட்டியைப் பிடித்தார். அது மைத்துனனின் சைக்கிள் கேரியரில் கட்டியிருந்தது, நல்ல கனம்.

“அதை வேன்ல வைடா. எதுக்கு மாடு மாதிரி சுமக்கறே?”

“கையோட இருக்கணும் மாமா. வேணும்ங்கறப்போ வேனைத் தேடிக்கிட்டா இருக்க முடியும்?”

அன்று பகல் முழுவதும் ஏற்றம். டிரைவர் முதல் கியரிலேயே உருட்டிக்கொண்டு, முன்கண்ணாடி வழியாக மைத்துனனின் முதுகைப் பார்த்தபடி வந்தார். சட்டை நனைந்து ஒட்டிக்கிடந்தது. ஒவ்வொரு மிதிக்கும் தோள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்தது. சமையல்காரச் சிப்பாய் ஒருவன் மூச்சு வாங்க இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தான். மைத்துனன் இறங்கவே இல்லை. ‘விழுடா, களைச்சுப் போய் ஒரு தடவை விழுந்து தொலையேன்’ என்று டிரைவரின் மனம் சொன்னது. சொன்ன மறுகணமே சொந்த மைத்துனனை விழச்சொல்லும் பாவியாகிவிட்டோமே என்று தன் கன்னத்தில் தானே ஒன்று போட்டுக்கொண்டார்.

தங்கிய இடத்திலிருந்து மனைவிக்குப் போன் போட்டால் அவள் ‘சாப்பிட்டீங்களா’ என்றுகூடக் கேட்கவில்லை. “ஏறினானா?” என்றாள்.

“பிடிவாதம்னா உங்க குடும்பத்துப் பிடிவாதம்டி,” என்று சொல்லிவிட்டு வைத்தார்.

மூன்றாம் நாள் காலை, இறக்கம். லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. கேப்டன் மேடம்தான் முன்னால் போனார். ஒரு வளைவில் சாலை போட ஜல்லி கொட்டியிருந்தார்கள்; பாதி சாலை வரை சிதறிக்கிடந்தது. மேடத்தின் முன்சக்கரம் அதில் வழுக்கியது. சைக்கிள் ஒரு பக்கம் போக, அவர் மறுபக்கம் போய்த் தலை குப்புறத் தடுப்புக்கல்லில் மோதினார். ஹெல்மெட் இரண்டாகப் பிளந்தது.

டிரைவர் பிரேக் போட்டு இறங்குவதற்குள் மைத்துனன் அங்கே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டான். இரண்டு கையாலும் மேடத்தின் தலையை அப்படியே பிடித்துக்கொண்டான்.

“யாரும் அசைக்காதீங்க. மேடம், தலையை ஆட்டாதீங்க. கால் விரலை அசைங்க. போதும், போதும். வலிக்குதா? வலிக்கட்டும், பரவாயில்ல.”

ஆஸ்பத்திரி கீழே உள்ள ஊரில். அங்கிருந்து வண்டி வரவழைத்தால் நேரமாகும். வேன்தான் கதி. ஆளைப் படுக்கவைத்துத் தூக்கும் பலகையை வேனிலிருந்து கொண்டுவந்தார்கள். கழுத்துக்குப் பட்டை போட்டார்கள். ஆனாலும் அந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் போகும்போது தலையை ஒருவன் கையால் பிடித்துக்கொண்டே வரவேண்டும், கொஞ்சம் ஆடினாலும் ஆபத்து என்று மைத்துனனே சொன்னான். அந்த ஒருவன் யார் என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

பலகையைத் தூக்கிக்கொண்டு வேன் கதவுக்கு வந்தார்கள். கதவருகே மைத்துனனின் கால்கள் நின்றுவிட்டன. பையன்கள் தூக்கிய கையோடு நிற்கிறார்கள். தள்ள வேண்டிய நேரத்துக்காக மூன்று நாளாகக் காத்திருந்த டிரைவர், அப்போது போய் ஒரு வார்த்தை சொல்ல வராமல் நின்றார்.

மைத்துனன் ஏறினான். கண்ணை மூடிக்கொண்டு முதல் காலை வைத்தான்; பிறகு கண்ணைத் திறந்து மேடத்தின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, தலையைப் பிடித்த பிடி தளராமல், பின்னால் பின்னால் நகர்ந்து உள்ளே போய் உட்கார்ந்தான். சமையல்காரச் சிப்பாய் ஏறி மேடத்தின் காலைப் பிடித்துக்கொண்டான்.

“மாமா, கதவைச் சாத்தாதீங்க.”

பின்கதவைத் திறந்து போட்டுக்கொண்டு வேன் ஓட்டுவது குற்றம். டிரைவர் கயிறு எடுத்து இரண்டு கதவையும் திறந்தபடியே இழுத்துக் கட்டிவிட்டு வண்டியை எடுத்தார்.

வாழ்க்கையில் அவர் அவ்வளவு பதமாக ஓட்டியதில்லை. ஒவ்வொரு வளைவும் தாண்டியதும் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

“எப்படி இருக்காங்க?”

“நல்லா இருக்காங்க மாமா.”

அடுத்த வளைவு. “எப்படி இருக்காங்கடா?”

“நல்லா இருக்காங்க.”

கேட்டது மேடத்துக்காகத்தான். ஆனால் பொய் சொல்வானேன், மைத்துனனின் குரல் வேனுக்குள்ளிருந்து வருகிறதே, அதைக் கேட்பதற்காகவும்தான். ஒவ்வொரு பதிலுக்கும் டிரைவருக்கு உள்ளுக்குள் மத்தாப்பு பூத்தது. ஸ்டார்ட் ஆகிவிட்டது! இனி ஓடும்! அவன் குரல் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி, ஏற்ற இறக்கமே இல்லாமல் இருந்ததை அவர் கவனித்தார்தான். வேலையில் இருப்பவன் அப்படித்தான் பேசுவான் என்று நினைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் மேடத்தை உள்ளே கொண்டுபோனார்கள். கொஞ்ச நேரத்தில் டாக்டர் வெளியே வந்தார். கழுத்தெலும்பில் விரிசல், நரம்புக்கு ஒன்றும் ஆகவில்லை, படுத்து எழுந்தால் சரியாகிவிடும், கொண்டுவந்த விதத்தில்தான் பிழைத்தார் என்றார். சமையல்காரச் சிப்பாய் சுவரில் சாய்ந்து ஓவென்று அழுதான். டிரைவர் தாழ்வாரத்தின் மூலைக்கு ஓடி மனைவிக்குப் போன் போட்டார்.

“ஏறிட்டான்டி! பன்னிரண்டு கிலோமீட்டர் உள்ளேயே உக்காந்து வந்தான்! நான் சொன்னேன்ல?”

அந்தப் பக்கம் அவள் விசும்பும் சத்தம் மட்டும் கேட்டது. டிரைவருக்கும் கண் கலங்கியது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சிப்பாயை மேடத்துக்குத் துணையாக இருக்கச் சொல்லிவிட்டு, சாவியைச் சுழற்றியபடி வேனுக்கு வந்தார். மேலே மற்றவர்கள் காத்திருக்கிறார்கள். போய்ச் சேதி சொல்லவேண்டும்.

வேனில் மைத்துனன் இல்லை. வாசல் கேட்டருகே குனிந்து ஷூ நாடாவை இறுக்கிக்கொண்டிருந்தான்.

“என்னடா பண்றே? வா, போலாம்.”

“நீங்க போங்க மாமா. நான் நடந்து வர்றேன்.”

டிரைவர் சிரித்தார். பிறகு அவன் விளையாடவில்லை என்பது புரிந்தது.

“நடந்தா? பன்னிரண்டு கிலோமீட்டர் ஏத்தம்டா! இப்பதானே இதே வண்டியில வந்தே? அதுல என்ன பாம்பா இருந்தது?”

“முடியாது மாமா.”

“முடியாதா?” டிரைவருக்குச் சுள்ளென்று ஏறியது. “உங்க அக்கா அங்கே அழுதுக்கிட்டிருக்கா, நீ சரியாயிட்டேன்னு. அடுத்த மாசம் லாரி வந்து நிக்கும், அப்ப என்னடா பண்ணுவே? தலையைப் பிடிக்க தினம் ஒருத்தர் அடிபட்டு விழணுமா?”

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். மைத்துனன் கோபப்படவில்லை. கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றான். அந்த இரண்டு கையும் நடுங்கிக்கொண்டிருந்தன. இவ்வளவு நேரம் ஒரு நூல் அசையாமல் பிடித்த கைகள்.

“போர்டுக்குப் போறேன் மாமா. கேட்டா சொல்லிடறேன்.”

“என்னத்தைச் சொல்லுவே?”

அவன் நடக்க ஆரம்பித்தான். டிரைவர் வேனைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். வண்டியை விட்டு நகராத மனுஷன் அவர். தூங்குவதுகூட ஸ்டியரிங் மேல்தான் என்று பையன்கள் கேலி செய்வார்கள். வேனைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, தொப்பை குலுங்க ஓடிப்போய் அவனோடு சேர்ந்துகொண்டார்.

ஊரைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் டிரைவருக்கு மூச்சு இரைத்தது. வண்டி இல்லாமல் நடந்ததாலோ என்னவோ, ஒரு விஷயம் அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இத்தனை நாளாக ‘ஏறு, ஏறு’ என்றாரே தவிர, அன்றைக்கு உள்ளே என்ன நடந்தது என்று இவனை ஒரு வார்த்தை கேட்டதில்லை. லாரி உருண்டது, பயந்துவிட்டான் என்று தானே முடிவு கட்டிக்கொண்டார்.

“அன்னைக்கு என்னடா ஆச்சு?” என்று கேட்டார்.

மைத்துனன் வேகத்தைக் குறைத்து அவரோடு சேர்ந்து நடந்தான்.

“லாரி உருண்டதெல்லாம் ஒண்ணுமில்ல மாமா. அது மறந்துகூடப் போச்சு. அதுக்கப்புறம் இன்னொரு லாரி வந்துச்சு, எல்லாரையும் ஏத்திக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக. நான் அந்தப் புதுப் பையன் தலையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தேன். பக்கத்துல அவன் கூட்டாளி, ரெண்டு காலும் உடைஞ்சு படுத்திருந்தான். எந்திரிச்சுப் பார்க்க முடியல அவனால. கேட்டுக்கிட்டே வந்தான். எப்படி இருக்கான், எப்படி இருக்கான்னு.”

டிரைவரின் கால் நின்றுவிட்டது.

“பையன் பாதி வழியிலயே போயிட்டான் மாமா. என் கையிலதான் போனான். எனக்குத் தெரியும். ஆனா சொன்னா இவனும் போயிடுவான்னு பயம். அதனால தலையை விடல. நல்லா இருக்கான், நல்லா இருக்கான்னு சொல்லிக்கிட்டே வந்தேன். ஆஸ்பத்திரி வாசல்வரைக்கும்.”

டிரைவர் சாலையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். காலையில் ஒவ்வொரு வளைவிலும் தான் கேட்ட கேள்வி அவர் காதில் விழுந்தது. எத்தனை தடவை கேட்டோம் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது.

“அடப்பாவி... நானும்தானேடா கேட்டுக்கிட்டே வந்தேன். வாயை மூடிக்கிட்டு ஓட்டுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?”

“கேட்டது நல்லதுதான் மாமா.” மைத்துனன் அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். கைகளை முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டான். “ஒவ்வொரு தடவையும் குனிஞ்சு பார்த்துட்டுத்தான் சொன்னேன். இன்னைக்கு நிஜமாவே நல்லா இருந்தாங்க.”