ரெண்டுதான் ஆச்சு

வேலியில் முதுகு இடிக்கத் தாவிப் பிடித்தேன். பந்து கையுறைக்குள் பொத்தென்று விழுந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த பேஸ்பால் லீகில் இடது மூலையில் என்னைவிட நன்றாக ஓடுகிறவன் கிடையாது. இதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமும் கிடையாது. மூன்றாவது அவுட் விழுந்து எதிரணியின் முறை முடிந்தால் பந்தைக் கூட்டத்துக்குள் எறிவது எங்கள் வழக்கம். வேலிக்குப் பின்னால் மார்லின் இருந்தாள். தீவன ஆலை லாரி ஓட்டுகிறவள், உள்ளூர்க்காரி, சீசன் முழுக்க என்னைக் கிண்டலடித்தே தொண்டை கட்டிப்போனவள். "இந்தா, இதை வச்சுக்கிட்டு வாயை மூடு!" என்று அவளிடம் எறிந்தேன்.

"அட மடையா! ரெண்டுதான்டா ஆச்சு!" என்றாள் மார்லின்.

நான்கு பேஸையும் சுற்றி வந்தால் ஒரு ரன்; ஆட்டம் நடக்கும்போதே பந்தை வெளியே எறிந்தால் ஓடுகிறவர்களுக்கு இரண்டு பேஸ் இலவசம். இரண்டாவது பேஸில் நின்ற எதிரணிக்காரன் நடந்தே வந்து ரன் எடுத்தான். எங்கள் முன்னிலை போயிற்று. அடுத்த பேட்டர் அவுட்டானதால் சமநிலையோடு தப்பித்தோம்.

இன்றைக்குத்தானா இது நடக்க வேண்டும்! திங்கட்கிழமை எங்களில் ஒருவனை அணியிலிருந்து நீக்கி வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள். நானா, நடுவில் ஆடும் வெனிசுலாக்காரன் ரோன்டனா என்று முடிவு செய்ய, அணியின் மேலிடத்து ஆள் நோட்டுப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்திருந்தார்.

மேனேஜர் பர்டெட் சூரியகாந்தி விதைத் தோலைத் துப்பினார். "ஹோல்கம்ப், உனக்கு எண்ணத் தெரியுமா?"

"தெரியும் சார்."

"எதுவரைக்கும்?"

"ரெண்டு வரைக்கும் சார்."

பெஞ்சே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "போய் நில்லு. இன்னும் உன்னை மாத்தல."

ஒன்பதாவது இன்னிங்ஸில் நான் போய் நின்றதும், மார்லின் பக்கத்துக் கூட்டம் மொத்தமும் விரலை நீட்டி எனக்கு எண்ணிக் காட்டியது. முதல் அவுட் விழுந்தது. எதிரணிக்காரன் ஒருவன் மூன்றாவது பேஸில் நின்றான். நான் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்து, "எத்தனை?" என்று கத்தினேன். "ஒண்ணு!" என்றார்கள் இருநூறு பேர். தொப்பியைக் கழற்றிக் கும்பிடு போட்டேன்.

"வெக்கமே கிடையாதாடா உனக்கு?" என்றான் ரோன்டன்.

"வெக்கப்பட்டா பந்து கண்ணுக்குத் தெரியாதுடா."

பந்து எங்கள் இருவருக்கும் நடுவே உயர்ந்தது. நடுவில் நிற்பவன் கேட்டால் அது அவனுடையது, அதுதான் சட்டம். பிடித்த கணமே மூன்றாவது பேஸில் நிற்பவன் ரன் எடுக்க ஹோமுக்கு, அதாவது கடைசி பேஸுக்கு, ஓடுவான். அவனுக்கு முன்னால் பந்தை அங்கே எறிந்து அவனை அவுட்டாக்குகிறவன் பெயர்தான் நோட்டில் ஏறும்.

"நீ எடு! என் தோள் தாங்காது, நீ எடுடா!" என்று ரோன்டன் கத்தினான்.

இரண்டடி பின்வாங்கி, ஓடிவந்து பிடித்து, அதே வேகத்தில் எறிந்தேன். என் வாழ்நாளில் அப்படி எறிந்ததில்லை. பந்து தாழ்வாகப் போனது. ஹோமில் நின்ற எங்கள் கேட்சர் மண்டியிட்டான். ஓடிவந்தவன் சறுக்கினான். இரண்டு பேரையும் புழுதி மூடிக்கொண்டது.

அவுட்டா இல்லையா என்று அம்பயர் இன்னும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். ரோன்டன் வந்து என் தோளில் கை வைத்தான். எறிகிற கையை அவனால் தூக்கவே முடியவில்லை.