மரக்கரண்டி தேஞ்ச பக்கம்

“யூஸ் பண்ணலன்னு யார் சொன்னா? பத்திரமா வச்சிருக்கேன்ல?”

அண்ணி சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. ஆனா அந்த ‘பத்திரமா’ங்கிற வார்த்தை திருகாணிக்கு சுருக்குன்னு குத்துச்சு. பின்ன, காய் வெட்டுற கத்திய யாராவது பத்திரமா வைப்பாங்களா? அது என்ன நகையா?

திருகாணிங்கிறது வீட்ல வச்ச செல்லப்பேரு. பகல்ல அவ ஒரு கண்ணாடிக்கடையில மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் மாட்டி, ஸ்க்ரூ முறுக்குற வேலை பாக்குறா. சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பக் கழட்டுனா நேரா பால்கனிதான். ரெண்டு மரப்பெட்டி மேல ஒரு பழைய கதவப் போட்டு மேஜை ஆக்கியிருந்தா. அது மேல அரம், உளி, உப்புத்தாள், பசை டப்பா. சுவர்ல குட்டி ரம்பத்துல இருந்து பெரிய ரம்பம் வரைக்கும் குடும்ப ஃபோட்டோ மாதிரி வரிசையா தொங்கும். வீட்ல கதவு கிறீச்னாலும் சரி, குழாய் ஒழுகினாலும் சரி, நாற்காலி ஆடினாலும் சரி, அவகிட்டதான் வரணும். “மரை கழண்ட பொண்ணுக்கு திருகாணின்னு பேரு வச்சிருக்கோம்”னு அண்ணன் வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் பெருமையா சொல்லுவான்.

ரிப்பேர் பண்ணினத எல்லாரும் உபயோகிச்சாங்க. அதுல பிரச்சினையே இல்ல. அண்ணிக்குன்னு ஆசை ஆசையா புதுசா செஞ்சதுதான் பிரச்சினை. தேச்சுத் தேச்சு கண்ணாடி மாதிரி ஆக்குன மரப்பிடி போட்ட கத்தி, விரல் வலிக்காம இருக்க தோல் சுத்துன கத்தரிக்கோல், பாட்டில் மூடி தொறக்குற வளைஞ்ச கைப்பிடி. ஒவ்வொண்ணும் கைக்கு வந்தப்ப அண்ணி “அய்யோ எவ்ளோ அழகு”ன்னாங்க. அதோட சரி. எல்லாம் சமையலறை அலமாரியோட மேல்தட்டுக்குப் போயிடுச்சு. கீழ அண்ணி, பிடி ஒடஞ்சு டேப் சுத்துன பழைய கத்தியிலதான் இன்னும் வெட்டிக்கிட்டு இருந்தாங்க.

“அது அலமாரி இல்ல, மியூசியம். டிக்கெட் போடலாம்”னான் அண்ணன்.

அவனுக்கு ஒரு உள்நோக்கம் இருந்துச்சு. உடம்பக் குறைக்கிறேன்னு சொல்லி ஒரு சைக்கிள் வாங்கியிருந்தான், நின்ன எடத்துலயே மிதிக்கிற சைக்கிள். அது ஹால் மூலையில சட்டை மாட்டுற ஸ்டாண்டா பதவி உயர்வு வாங்கி ரொம்ப நாளாச்சு. பால்கனியில காத்து வரும், அங்க போட்டா தினம் மிதிப்பேன்னு அம்மாகிட்ட அரிச்சுக்கிட்டே இருந்தான். அன்னிக்கு, அண்ணி அந்தப் பக்கம் போனதும், பந்தயத்த எடுத்து நடுவுல போட்டான். இந்த மாசம் முடியறதுக்குள்ள, திருகாணி செஞ்ச பொருள் ஒண்ணே ஒண்ண அண்ணி தானா எடுத்து உபயோகிக்கணும். யாரும் சொல்லக் கூடாது, கெஞ்சக் கூடாது. உபயோகிச்சா பால்கனி காலாகாலத்துக்கும் திருகாணிக்கு. இல்லன்னா சைக்கிளுக்கு.

அம்மா நடுவர். அம்மாவுக்கு சைக்கிளும் பிடிக்காது, பால்கனி முழுக்க மரத்தூளும் பிடிக்காது. அதனால ரொம்ப நேர்மையான நடுவர்.

திருகாணி ரோஷத்துல சரின்னுட்டா. அப்புறம் பால்கனியில போய் உக்காந்து யோசிச்சா. என்னத்தச் செய்யறது? புதுசா இன்னொண்ணு செஞ்சா அதுவும் மேல்தட்டுக்குத்தான் போகும். அட்டைத் துண்ட எடுத்து கிறுக்க ஆரம்பிச்சவ சட்டுனு நிறுத்திட்டா.

அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. எதையும் பிரிக்கிறதுக்கு முன்னாடி அத வரைஞ்சிடுவா. அட்டைப்பெட்டியக் கிழிச்சு, பென்சில்ல, எது எது மேல இருக்கு, எந்த ஸ்க்ரூ எந்த ஓட்டையில இருக்குன்னு எல்லாம். முன்ன ஒரு தடவ அப்படி வரையாம அயர்ன் பாக்ஸப் பிரிச்சு மாட்டினப்ப ஒரு ஸ்ப்ரிங் மிச்சமாயிடுச்சு. அயர்ன் பாக்ஸ் இன்னிக்கும் ஜம்முனு வேலை செய்யுது. அந்த ஸ்ப்ரிங் எதுக்குன்னுதான் இன்னிக்கும் தெரியல.

ஒரு அயர்ன் பாக்ஸுக்கே இவ்ளோ மரியாதை குடுக்குறோமே, அண்ணிக்கு ஒண்ணு செய்றதுக்கு முன்னாடி அவங்க சாமான் எதையாவது ஒரு தடவ உக்காந்து வரைஞ்சிருக்கோமான்னு யோசிச்சா. இல்ல. ஒண்ணுகூட இல்ல.

லீவு நாள் மத்தியானம், அண்ணி படுத்திருந்த நேரம், அட்டையும் பென்சிலுமா சமையலறைத் தரையில சம்மணம் போட்டு உக்காந்துட்டா.

முதல்ல டேப் சுத்துன கத்தி. அப்புறம் தட்டுல கவுத்து வச்சிருந்த காபி மக்குங்க. நாலு மக், மூணோட காது வலது பக்கம் பாக்குது, அண்ணி மக்கோட காது மட்டும் எடது பக்கம். அம்மா தினம் அதத் திருப்பி வைப்பாங்க, சாயங்காலம் பாத்தா பழையபடி இருக்கும். அது ஏதோ மாமியார் மருமக சமாச்சாரம்னு யாரும் கண்டுக்கிட்டதில்ல.

அடுத்து மரக்கரண்டி. அந்த வீட்ல மரக்கரண்டி ரெண்டு. ஒண்ணு அம்மாவோடது, இன்னொண்ணு அண்ணி கல்யாணமாகி வந்தப்ப வாங்கினது. ஒருத்தர் கரண்டிய இன்னொருத்தர் தொட மாட்டாங்க, அது ரெண்டு நாட்டு எல்லைக்கோடு மாதிரி. அண்ணி கரண்டியக் குழிப்பக்கம் தெரியுற மாதிரி, நுனிய மேல வச்சு வரைஞ்சா. பாத்திரத்துல ஒரசி ஒரசி நுனியில ஒரு ஓரம் சரிஞ்சு தேஞ்சிருந்துச்சு. வரைஞ்சு முடிச்சு பாத்தா தப்பு. தேஞ்ச ஓரத்த எடது பக்கம் போட்டிருக்கா. கரண்டியில அது வலது பக்கம். அழிச்சா. மறுபடி வரைஞ்சா. கை மறுபடியும் எடது பக்கமே போச்சு.

ஏன் அப்படியே போகுதுன்னு அம்மா கரண்டிய எடுத்துப் பாத்தா. அது எடது பக்கம் தேஞ்சிருந்துச்சு. சின்ன வயசுல இருந்து பாத்த கரண்டி, அதான் கை அதையே வரையுது. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சா. ஒண்ணு இன்னொண்ணப் பாத்து முகம் பாக்குற கண்ணாடியில நிக்கிற மாதிரி இருந்துச்சு.

அம்மா வலது கையால கிண்டுறாங்க, எடது ஓரம் தேயுது. அப்போ வலது ஓரம் தேஞ்சிருந்தா?

அப்படியே ஒக்காந்துட்டா. இத்தனை வருஷமா ஒரே வீடு, ஒரே சமையலறை. அண்ணி எழுதுறது வலது கையில, அத எல்லாரும் பாத்திருக்காங்க. அதுக்கு மேல யாரும் பாக்கல. அப்பன்னு பாத்து அண்ணி தூங்கி எழுந்து கொட்டாவி விட்டுக்கிட்டே வந்தாங்க. திருகாணி பக்கத்துல கெடந்த டேப் உருளையத் தூக்கி, “அண்ணி, புடிங்க”ன்னு வீசினா. சர்ருனு எடது கை வந்து புடிச்சிருச்சு. வலது கை சும்மாதான் இருந்துச்சு.

“என்ன வெளையாட்டு இது”ன்னு கேட்டுட்டு அண்ணி காபி போடப் போயிட்டாங்க.

இப்பத்தான் திருகாணிக்கு ஒவ்வொண்ணா புரிஞ்சுது. அவ எந்தப் பிடிய செதுக்கினாலும் தன் கைய வச்சுத்தான் அளவு பாப்பா. கட்டைவிரல் உக்கார ஒரு பள்ளம், ஆள்காட்டி விரலுக்கு ஒரு மேடு, உள்ளங்கைக்கு ஒரு வளைவு. எல்லாம் அவளோட வலது கை. எவ்வளவுக்கு எவ்வளவு பாத்துப் பாத்து செஞ்சாளோ, அவ்வளவுக்கு அவ்வளவு அண்ணிக்கு ஆகாமப் போயிருக்கு. மொட்டையா ஒரு குச்சிய மாட்டிக் குடுத்திருந்தாகூட அவங்க உபயோகிச்சிருப்பாங்க. அக்கறைதான் கெடுத்திருக்கு காரியத்த.

மறுநாள் முழுக்க எல்லாத்தையும் எடது கையாலேயே செஞ்சு பாக்கிறதுன்னு முடிவு பண்ணினா. பல் தேய்ச்சதுல சட்டையெல்லாம் பேஸ்ட். பஸ்ல சில்லறை எடுக்கிறதுக்குள்ள பின்னாடி நின்னவரு பெருமூச்சு விட்டாரு. கடையில ஒரு கஸ்டமரோட கண்ணாடிக்கு ஸ்க்ரூ போடும்போது அது சிட்டா பறந்து எங்கயோ போயிடுச்சு, அவளும் முதலாளியும் தரையில தவழ்ந்து தேடினாங்க. உனக்குக் கையில என்ன ஆச்சுன்னு முதலாளி கேட்டப்ப விஷயத்தச் சொன்னா. அவரு மேஜைக்கு அடியில இருந்தே தலையத் தூக்கிப் பாத்தாரு.

“ஊர்ல இருக்கிறவங்க கண்ணெல்லாம் நல்லா தெரியணும்னு லென்ஸ் மாட்டுற. உன் கண்ண யாரும்மா செக் பண்றது?”

ஸ்க்ரூவ அவரே கண்டுபிடிச்சாரு.

அன்னிக்கு சாயங்காலம் மேல்தட்டுல இருந்து அந்தக் கத்திய எடுத்தா. அவ செஞ்ச பிடியிலயே அழகானது அது. மனசு வரல. ரெண்டு தடவ உளிய வச்சு ரெண்டு தடவ எடுத்தா. மூணாவது தடவ கண்ண மூடிக்கிட்டு ஒரே தட்டு. பிடி ரெண்டா பொளந்துச்சு, கத்தி தனியா வந்துச்சு.

புதுப் பிடிக்கு ஒடஞ்ச நாற்காலிக் கால்ல ஒரு துண்டு. இந்தத் தடவ எடது கையில புடிச்சுப் புடிச்சுப் பாத்துத்தான் அரத்த ஓட்டினா. பள்ளம் அந்தப் பக்கம், மேடு இந்தப் பக்கம். அவ கண்ணுக்கு அது கோணலாவே தெரிஞ்சுது, நல்லாருக்கா இல்லையான்னு அவளால சொல்லவே முடியல. பித்தளை ஆணி அடிச்சு, எண்ணெய் தடவி காயவிட்டு, யாருக்கும் தெரியாம டிராயர்ல அந்த டேப் கத்திக்குப் பக்கத்துல வச்சுட்டா.

ஒண்ணும் நடக்கல. அண்ணி டிராயரத் தொறந்தாங்க, டேப் கத்திய எடுத்தாங்க, மூடினாங்க. அடுத்த நாளும் அதே. வாயத் தொறந்து சொல்லவும் முடியாது, பந்தயம்.

மாசத்தோட கடைசி நாளும் வந்துச்சு. அண்ணன் அவளோட அளவு டேப்பையே எடுத்துக்கிட்டு பால்கனியில சைக்கிளுக்கு இடம் அளந்தான். வயித்தெரிச்சல் தாங்காம திருகாணி சமையலறைக்குப் போய் சிங்க்குக்கு அடியில பூந்துட்டா. குழாய் ஒழுகுதுன்னு சொல்லிக்கிட்டா. ஒழுகவே இல்ல. அங்க இருந்து அண்ணியோட கால் தெரிஞ்சுது, பக்கத்துல, காரட் சீவறதுக்குன்னு அண்ணி புடிச்சு இழுத்துட்டு வந்த அண்ணனோட கால். வழக்கம்போல அண்ணன், முழங்கை இடிக்குது கொஞ்சம் தள்ளி நில்லேன்னு சலிச்சுக்கிட்டான்.

டக்… டக்… டக்… டேப் கத்தி வெட்டுற சத்தம். அப்புறம் நின்னுச்சு. டேப் பிரிஞ்சு வருதுன்னு அண்ணி முணுமுணுத்தாங்க. டிராயர் இழுபட்டுச்சு. ஏதோ கைக்கு வந்துச்சு.

திருகாணி காதத் தீட்டிக்கிட்டா.

டக்.

டக் டக்.

அப்புறம் டகடகடகடகன்னு ஒரு ஓட்டம். தையல் மிஷின் மாதிரி. அந்த வீட்டுச் சமையலறையில அந்த மாதிரி சத்தத்த அவ கேட்டதே இல்ல. சந்தோஷத்துல எழுந்திருக்கப் போய் மண்டை குழாய்ல ணங்னு இடிச்சுது. குழாய் நெஜமாவே ஒழுக ஆரம்பிச்சிருச்சு.

அண்ணி குனிஞ்சு எட்டிப் பாத்தாங்க. எடது கையில கத்தி.

“வெளிய வா. எப்படிக் கண்டுபிடிச்ச?”

மண்டையத் தேச்சுக்கிட்டே, “உங்க கரண்டி சொல்லுச்சு”ன்னா திருகாணி. அப்புறம் மக், டேப் உருளை எல்லாத்தையும் மூச்சு விடாம கொட்டினா. ஏன் அண்ணி இத்தனை நாளா சொல்லலன்னும் கேட்டா.

அண்ணி பிடியத் தடவிக்கிட்டே சொன்னாங்க. பொறந்த வீட்டுலயும் ஸ்கூல்லயும் எல்லாரும் பாத்துக்கிட்டே இருந்தாங்களாம், எடது கை நீண்டாலே ஒரு தட்டு. எழுதுறது வலது கைக்கு வந்தது அப்படித்தானாம். இங்க வந்தா யாருமே கவனிக்கல, அப்பாடா, இதுவே பெரிய உபகாரம்னு சும்மா இருந்துட்டாங்களாம். மேல்தட்டுல வச்சதெல்லாம் உள்ளங்கைய அழுத்துதுன்னு எப்படிச் சொல்றது, இந்தப் பொண்ணு ராவும் பகலுமா தேச்சுக் குடுத்திருக்கு.

“கண்டுபிடிச்சவங்க எல்லாம் என் கையத்தான் திருத்தினாங்க. நீ கத்தியத் திருத்தியிருக்க.”

நல்லவேளை, தரையெல்லாம் தண்ணி, துடைக்கிற சாக்குல திருகாணி மூஞ்சிய மறச்சுக் குனிஞ்சுக்கிட்டா.

அண்ணன் மட்டும் காரட்டக் கையில வச்சுக்கிட்டு செல மாதிரி நின்னான். “அப்போ அந்த முழங்கை…”ன்னு இழுத்தான். அண்ணி அவனத் தோளப் புடிச்சு இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் நகத்தி நிறுத்தினாங்க. அதுக்கப்புறம் இடிக்கல. கல்யாணமானதுல இருந்து இருந்த பிரச்சினை, ரெண்டடி நகர்ந்ததுல தீந்துடுச்சு.

சத்தம் கேட்டு வந்த அம்மா கத்திய வாங்கி ஒரு காரட்ட வெட்டிப் பாத்து மூஞ்சியச் சுளிச்சாங்க. என்னடி இது கோணலா இருக்கு, யாரு இத வச்சு வெட்டுவான்னாங்க. அண்ணி லபக்குனு திருப்பி வாங்கிக்கிட்டாங்க. “அதான் அத்தை வேணும். இனிமே என் கத்திய யாரும் எடுக்க மாட்டீங்க.” அம்மா தட்டுப் பக்கம் போய், காலையில தானே திருப்பி வச்சிருந்த அண்ணி மக்க மறுபடியும் எடது பக்கம் பாக்க வச்சுட்டுப் போனாங்க.

அண்ணன் அவ்ளோ சுலபமா விடுவானா? பந்தயம் திருகாணி செஞ்ச பொருளப் பத்தி, இங்க வெட்டுற கத்தி கடையில வாங்குனது, அவ செஞ்சது வெறும் பிடி, கணக்குல வராதுன்னு நடுவர்கிட்ட முறையீடு பண்ணினான். என்ன பந்தயம், எனக்குத் தெரியாம என்ன வச்சு சூதாட்டமான்னு அண்ணி இடுப்புல கைய வச்சாங்க. விஷயத்தக் கேட்டதும் விழுந்து விழுந்து சிரிச்சுட்டு, “கத்தி காரட்டுக்கு. என் கைக்கு வர்றது பிடிதானே”ன்னாங்க.

அம்மா இன்னும் தீர்ப்பு சொல்லல. குழாய் சரியாகட்டும் அப்புறம் பாக்கலாம்னுட்டாங்க. சைக்கிள் ஹால்லயே சட்டை சுமந்துக்கிட்டு நிக்குது. திருகாணி பால்கனியில அடுத்த வேலைக்கு அட்டையக் கிழிச்சு வச்சிருக்கா, அண்ணியோட கத்தரிக்கோல், அதுக்குப் பிடிய மட்டும் மாத்தினா பத்தாது, எடது கைக்குன்னா மேல் தகடும் கீழ் தகடுமே இடம் மாறி உக்காரணும், பெரிய வேலை. ஆனா பால்கனி யாருக்குன்னு தெரியாம எப்படித் தொடங்குறது? நீங்களே சொல்லுங்க, வெறும் பிடின்னு அண்ணன் சொல்றது நியாயமா, இல்ல ஜெயிச்சது திருகாணிதானா? அப்புறம் அப்படியே எட்டி உங்க வீட்டு மரக்கரண்டியையும் ஒரு பார்வை பாருங்களேன், அது எந்தப் பக்கம் தேஞ்சிருக்கு?